வாய்க்கு எந்தப் புளித்த பால்? தயிரிலிருந்து சீஸ் வரை ஒரு மதிப்பீடு

சர்க்கரை சேர்க்காத, உறைந்தபின் சூடுபடுத்தாத, வெறும் தயிர். பல்லுக்கும் ஈறுக்கும் நல்லது என்று ஒரு புளித்த பால் பொருளை வாங்குவதென்றால் அதை வாங்குங்கள். அடுத்த இடம் கெட்டியான சீஸுக்கு. குருணைகளைப் போட்டுப் புளிக்கவைக்கும் பால் பானமான கெஃபிர் மூன்றாவது. குட்டி பாட்டிலில் வரும் இனிப்புப் புரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா சேர்த்த) பானத்தை இந்த வேலைக்கென்று வாங்கவே வேண்டாம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதலிடத்தில் இருக்கும் தயிர் உட்பட இவற்றில் எதுவும், ஏற்கெனவே பிடித்துவிட்ட வாய்த்தொற்றைக் குணமாக்காது. தொற்று வராமல் பார்த்துக்கொள்வதிலும், சிகிச்சைக்குப் பின் வாயைச் சீராக வைத்திருப்பதிலும்தான் இவற்றுக்கு வேலை. அந்த வேலையை நல்ல தயிர் உண்மையாகவே செய்கிறது. அதனால்தான் எதை வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது என்று இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தெளிந்த வட்டம்

தயிர் 'வாய்க்கிருமிகளைக் கொல்லும்' என்ற வாசகம் பெரும்பாலும் ஒரு கண்ணாடித் தட்டிலிருந்து வருகிறது. அகார் ஜெல்லி ஊற்றிய தட்டின் மேல், பற்சொத்தையில் முக்கியப் பங்குள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பாக்டீரியாவைப் பரப்புவார்கள். ஜெல்லியில் 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு குழி போடுவார்கள். தயிரைச் சுழற்றிப் பிரித்தெடுத்த தெளிந்த நீரில் 100 மைக்ரோலிட்டரை அந்தக் குழியில் விட்டு, 37 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைப்பார்கள். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்க மங்கலான படலம் படர்ந்திருக்கும். குழியைச் சுற்றி மட்டும் கண்ணாடி போலத் தெளிந்த வட்டம். அங்கே கிருமி வளரவில்லை. வட்டத்தின் விட்டத்தை அளந்து 'இத்தனை மில்லிமீட்டர் எதிர்ப்பு' என்று எழுதுவார்கள்.

சோதனையில் பிழை ஒன்றும் இல்லை. அந்த வட்டத்தை எது உண்டாக்கியது என்று கேட்காமல் விடுவதுதான் பிழை. கேட்பதற்கு மூன்று எளிய படிகள் உண்டு. தெளிந்த நீரின் அமிலத்தைக் காரம் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவந்து மறுபடி சோதித்துப் பார்ப்பது முதல் படி. வட்டம் மறைந்தால் வேலை செய்தது அமிலம். மறையாவிட்டால் கேட்டலேஸ் நொதி சேர்ப்பார்கள், அது ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைத்துவிடும். அப்போதும் வட்டம் நின்றால், புரதத்தைச் செரிக்கும் நொதி ஒன்றைச் சேர்ப்பார்கள். அதற்குப் பிறகு வட்டம் போய்விட்டால் அங்கே பாக்டீரியோசின் இருந்திருக்கிறது. பாக்டீரியா தன் போட்டியாளர்களைக் கொல்லச் சுரக்கும் சிறு புரதம் அது. பால் பொருள்களில் காலங்காலமாக இருக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் சுரக்கும் நிசின் இந்த வகைதான், உணவைப் பதப்படுத்தவும் அது பயன்படுகிறது. சாதாரணத் தயிரில் பெரும்பாலும் முதல் படியிலேயே வட்டம் சுருங்கிவிடும். அதாவது வட்டம் போட்டது லாக்டிக் அமிலம்.

லாக்டிக் அமிலம் கிருமியின் சவ்வுக்குள் நுழைய வேண்டுமானால் அது பிரியாத மூலக்கூறாக இருக்க வேண்டும். பிஎச் என்பது புளிப்பின் அளவுகோல்: எண் குறையக் குறையப் புளிப்பு கூடும், 7 நடுநிலை. லாக்டிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பு, அதாவது அதில் பாதி பிரிந்துவிடும் பிஎச், 3.86. தயிரின் பிஎச் 4.5 என்று வைத்தால் நூற்றில் ஏறக்குறைய 19 பங்கு அமிலம் பிரியாமல் இருக்கும். அதே அமிலம் எச்சிலில் கலந்து பிஎச் 7 ஆகிவிட்டால், ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தட்டில் எச்சில் கிடையாது. வாயில் விழுங்கி முடித்த நொடியிலும் ஏறக்குறைய 0.8 மில்லி எச்சில் மிச்சம் இருக்கும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 மில்லி அளவில் ஊறுவது, புளிப்பு பட்டதும் 1 மில்லிக்கு மேல் எகிறும். புளிப்புதான் தயிரின் ஆயுதம் என்றால், அந்த ஆயுதத்தை மழுக்கும் எச்சிலை வரவழைப்பதும் அதே புளிப்புதான்.

இதைவிட முக்கியமான ஒன்று: மியூட்டன்ஸே சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் சுரக்கும் கிருமி. அமிலத்துக்குள் வாழப் பழகியது. அமிலத்தைத் தாங்காத ஈறுக்கிருமிகள் உண்டு, போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் அப்படிப்பட்டது. ஆனால் அது குடியிருப்பது ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் உண்டான பைக்குள். நாம் சாப்பிடும் தயிர் அங்கே இறங்காது. தாங்கும் கிருமி மேலே, தாங்காத கிருமி ஆழத்தில். தட்டில் பார்த்த வட்டம் வாயில் ஏன் அப்படியே நடப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. தட்டில் கிருமி மெல்லிய படலமாகத் தனித்தனியே கிடக்கிறது. பல்லிலோ தானே சுரந்த பசைக்குள் அடுக்கடுக்காகப் புதைந்து கிடக்கிறது. அந்தப் பசைதான் பிளேக். அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், கரைத்து எடுக்க முடியாது.

அப்படியென்றால் தயிர் எதில்தான் உதவுகிறது?

பல்லின் எனாமல் பிஎச் 5.5-க்குக் கீழே போனால் கரையத் தொடங்கும் என்பது பொதுக் கணக்கு. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிபவர்களுக்கு அந்த எல்லை இன்னும் மேலே, 6-ஐத் தாண்டி இருக்கும். தயிரின் பிஎச் 4-லிருந்து 4.6 வரை. கணக்குப்படி தயிர் பல்லை அரிக்க வேண்டும், ஆனால் அரிப்பதில்லை. 100 கிராம் தயிரில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, கூடவே பாஸ்பேட்டும். பால் புளிக்கும்போது பாலின் முக்கியப் புரதமான கேசினின் உருண்டைகளுக்குள் கட்டுண்டு கிடந்த கால்சியம் பாஸ்பேட் விடுபட்டு நீருக்கு வந்துவிடும். சுற்றியுள்ள திரவத்தில் இவ்வளவு கால்சியம் நிறைந்திருக்கும்போது, பல்லிலிருந்து கால்சியம் வெளியேற இடமில்லை. அதே புளிப்புள்ள பழச்சாறோ குளிர்பானமோ பல்லை அரிப்பது இந்தக் கால்சியம் அதில் இல்லாததால்தான்.

இரண்டாவது, புரதம். கேசினும் அதிலிருந்து உடையும் துண்டுகளும் பல்லின் மேல் படிந்து மியூட்டன்ஸ் ஒட்டுவதைக் குறைக்கின்றன என்பது ஆய்வகத்தில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் எரிக் ரெனால்ட்ஸ் குழுவினர் பால் புரதத் துண்டையும் உருவற்ற கால்சியம் பாஸ்பேட்டையும் இணைத்துப் பற்பசை வடிவில் கொண்டுவந்ததன் அடிப்படையும் பால் புரதமே. சிபிபி-ஏசிபி என்று லேபிளில் இருப்பது அதுதான். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தொடக் கூடாது.

மூன்றாவதுதான் எல்லோரும் முதலில் சொல்வது, உயிருள்ள நல்ல பாக்டீரியா. இதில் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் இருக்கின்றன, அவற்றை மதித்தே பேச வேண்டும். ஹெல்சின்கியில் 18 குழந்தைகள் காப்பகங்களில் 594 குழந்தைகளுக்கு 7 மாதம் லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி சேர்த்த பால் கொடுத்துப் பார்த்தார்கள், 2001-ல் வெளியானது. சொத்தை வரும் அபாயம் குறைந்தது. 3, 4 வயதுக் குழந்தைகளிடம் அது தெளிவாகத் தெரிந்தது. கவனியுங்கள், கொடுத்தது பாக்டீரியா சேர்த்த பால், தயிர் அல்ல. 2005-ல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 21 இளைஞர்கள் பிஃபிடோபாக்டீரியம் சேர்த்த தயிரை நாளுக்கு 200 கிராம் வீதம் 2 வாரம் சாப்பிட, எச்சிலில் மியூட்டன்ஸ் எண்ணிக்கை குறைந்தது. ஜப்பானின் ஹிசயாமா ஊரில் 40 முதல் 79 வயதுவரை 942 பேரைப் பார்த்ததில், நாளுக்கு 55 கிராமோ அதற்கு மேலோ லாக்டிக் அமில உணவு சாப்பிடுபவர்களின் ஈறுகள் மேலான நிலையில் இருந்தன. இது ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்புதான். தயிர் சாப்பிடுபவர் பல்லையும் நன்றாகத் தேய்ப்பவராக இருக்கலாம் என்ற சந்தேகத்தை இதனால் முழுசாக நீக்க முடியாது.

எண்ணிக்கை குறைவதும் நோய் குறைவதும் ஒன்றல்ல. அந்தக் குறைவும் சாப்பிடும் வரைதான். நிறுத்தினால் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் சேர்த்த பாக்டீரியா வாயிலிருந்து போய்விடும். வளர்ந்தவர்களின் வாயில் புது பாக்டீரியாவுக்குக் குடியுரிமை அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. ஈறு நோய்க்கு ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பு 2020-ல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறை, ஈறுக்கடியில் சுத்தம் செய்வதோடு சேர்த்துப் புரோபயாடிக் கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. அந்த முடிவு சரி என்றே கருத வேண்டும்.

ஒவ்வொன்றாக

வெறும் தயிர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் என்ற இரண்டும் சேர்ந்து உறையச் செய்தது. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ், யோகர்ட் என்று பெயரிட வேண்டுமானால் கடைசித் தேதிவரை கிராமுக்குக் குறைந்தது 1 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்கிறது. லேபிளில் வேறு பாக்டீரியா பெயரைத் தனியாகப் போட்டால் அது கிராமுக்குக் குறைந்தது 10 லட்சம். வாங்கும்போது பொருள் பட்டியலில் பாலும் உறைக்கிருமியும் மட்டும் இருந்தால் நல்லது. 'உறைந்தபின் வெப்பப்படுத்தியது' என்றிருந்தால் கால்சியமும் புரதமும் கிடைக்கும், உயிருள்ள கிருமி கிடைக்காது. வாய்க்காக வாங்குபவருக்கு அது பாதி நஷ்டம்தான், முழு நஷ்டமில்லை.

வடிகட்டிய கெட்டித் தயிர் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கிறது. புரதம் இரட்டிப்புக்கும் மேல் என்பது உண்மை. ஆனால் வடித்துவிடும் நீரோடு கால்சியத்தில் ஒரு பெரும் பங்கும் போய்விடுகிறது, ஏனென்றால் புளித்ததும் கால்சியம் நீரில்தான் இருக்கும். வயிறு நிறைய இது நல்லது. பல்லுக்கு வடிகட்டாத தயிரே மேல். தயிரின் மேல் தெளிந்து நிற்கும் நீரைக் கீழே ஊற்றிவிடுபவர்கள் அதைக் கலக்கிச் சாப்பிட வேண்டும்.

பழச்சுவைத் தயிர். 100 கிராமில் சர்க்கரை 10 கிராமைத் தாண்டுவது சாதாரணம். வெறும் தயிரின் லேபிளிலும் 4, 5 கிராம் சர்க்கரை என்று இருக்கும், அது பாலில் இயல்பாக உள்ள லாக்டோஸ். அதைக் கழித்து மிச்சத்தைப் பாருங்கள், அதுதான் சேர்த்தது. மியூட்டன்ஸ் வெறும் அமிலம் மட்டும் சுரப்பதில்லை. சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸைக் கொண்டுதான் பல்லில் ஒட்டும் குளூக்கன் பசையையே நெய்கிறது. லாக்டோஸிலிருந்து அந்தப் பசையை அதால் செய்ய முடியாது. ஆகவே சர்க்கரை சேர்த்த தயிர், எதிரிக்கு எதிரான ஆளையும் எதிரிக்கு வேண்டிய கட்டுமானப் பொருளையும் ஒரே கிண்ணத்தில் அனுப்புகிறது. அடியில் ஜாம் போல் இருக்கும் வகைகள் இன்னும் மோசம், பல்லின் குழிகளில் தங்கிவிடும்.

இனிப்புப் புரோபயாடிக் பானமும் இதே குறைதான், ஆனால் கூடுதலாக ஒன்று. நூற்றுக்கணக்கான கோடி பாக்டீரியா என்று முன்னால் பெரிதாக இருக்கும். அந்த எண் குடலை நோக்கிச் சொன்னது. திரவம் வாயில் நிற்பது சில நொடிதான். எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் பல்லோடு தொடர்பு ஏற்பட நேரமே இல்லை. பாட்டிலை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மடக்காக ஒரு மணி நேரம் குடிப்பவர்கள் சர்க்கரைக்குத்தான் அந்த நேரத்தைக் கொடுக்கிறார்கள். ஈறு வீக்கத்தில் இத்தகைய பானம் சற்று உதவியதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. அதற்காகத் தினமும் சர்க்கரையை வாயில் விடச் சொல்ல மனம் வரவில்லை.

கெஃபிர். கெஃபிர் குருணைகளில் பல வகை லாக்டிக் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் ஒன்றாக வாழ்கின்றன. பாலில் 20 முதல் 25 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் புளிக்கும். ஆய்வகத்தில் பரந்த எதிர்ப்பு காட்டும் பொருள், வாயில் அதற்கான ஆதாரம் தயிரைவிடக் குறைவு. சுவைக்காகச் சாப்பிடுங்கள். மிகப் புளித்துவிட்டால் எனாமலுக்கு உறுத்தலாக இருக்கும், 24 மணி நேரத்துக்கு மேல் அறைச்சூட்டில் விடாதீர்கள். நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள் உயிருள்ள ஈஸ்ட் உள்ள இதைத் தவிர்க்க வேண்டும்.

கெட்டியான, பதப்பட்ட சீஸ் இந்தப் பட்டியலில் குறைவாக மதிக்கப்படும் பொருள். மெல்ல வேண்டியிருப்பதால் எச்சில் ஊறும், கால்சியம் செறிவாக இருக்கும், சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம். சாப்பாட்டின் கடைசியில் ஒரு சிறு துண்டு மென்றால் பிளேக்கின் பிஎச் மேலேறும். இதில் தயிரைவிட சீஸ் மேல். இன்னொரு அரிய சான்றும் சீஸுக்கு உண்டு. ஃபின்லாந்தில் 276 முதியவர்களுக்கு 16 வாரம் நாளுக்கு 50 கிராம் சீஸ் கொடுத்தார்கள். புரோபயாடிக் பாக்டீரியா சேர்த்த சீஸ் சாப்பிட்டவர்களில், வாயில் கேண்டிடா பூஞ்சை மிகுந்திருந்தவர்கள் 30 சதவீதத்திலிருந்து 21-ஆகக் குறைந்தனர். சாதாரண சீஸ் சாப்பிட்டவர்களில் 28-லிருந்து 34-ஆக உயர்ந்தனர். 2007-ல் வெளியான முடிவு இது. உப்பும் கொழுப்பும் கூடுதல் என்பதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவைக் கணக்கில் கொள்ள வேண்டும். உருக்கிச் செய்த சீஸ் துண்டுகளில் உயிருள்ள பாக்டீரியா இருக்காது.

எப்படிச் சாப்பிட்டால் பலன்

நாளுக்கு 100 முதல் 200 கிராம் வெறும் தயிர், ஒரே வேளையாக, சாப்பாட்டின் முடிவில். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் வாய் ஒவ்வொரு முறையும் புளிப்பிலிருந்து மீண்டு வர வேண்டியிருக்கும். கடைசி ஒன்றிரண்டு வாயை உடனே விழுங்காமல் அரை நிமிடம் பல் இடுக்குகளில் படும்படி சுழற்றி விழுங்குங்கள். பிறகு ஒரு வாய்த் தண்ணீர். தண்ணீரை விட்டுவிடாதீர்கள்: நாக்கின் பின்பக்கம் தங்கும் பால் புரதத்தை அங்குள்ள கிருமிகள் உடைத்துக் கந்தக வாயுக்களை விடும். 'தயிர் சாப்பிட்டும் வாய் நாறுகிறது' என்பவர்களில் பலரின் சிக்கல் இதுதான், நாக்கை வழித்தால் தீரும். பல் தேய்ப்பது அரை மணி கழித்து.

கிருமிநாசினி வாய்க்கழுவி பயன்படுத்துபவர்கள் தயிரின் உயிருள்ள பாக்டீரியாவை எதிர்பார்க்க வேண்டாம். குளோர்ஹெக்சிடின் வாயின் பரப்புகளில் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் வேலை செய்யும், நல்லது கெட்டது பார்க்காது. மருத்துவர் சொன்ன நாள்வரை வாய்க்கழுவியை முடித்துவிட்டுத் தயிரைத் தொடருங்கள்.

வீட்டில் உறைய வைப்பது கடைப் பொருளுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. 1 லிட்டர் பாலை 85 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். வெப்பமானி இல்லையென்றால் கொதி வந்தபின் சிறு தீயில் 5 நிமிடம் கிளறியபடி வைக்கலாம். இந்தச் சூட்டில்தான் மோர்ப்புரதம் கேசினோடு இணைந்து தயிர் இறுகி நிற்கும். 43 டிகிரிக்கு ஆறவிட்டு, புது உறை 20 முதல் 30 கிராம் கலக்கி, அதே சூட்டில் அசைக்காமல் 4 முதல் 6 மணி நேரம். இறுகியதும் உடனே குளிர்பெட்டியில் வையுங்கள், ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். கொதிக்கும் சூட்டில் உறை ஊற்றினால் கிருமி செத்துப் பால் பாலாகவே நிற்கும். அதிகமாக உறை ஊற்றினால் சீக்கிரம் புளித்து நீர் பிரியும். நூல்விட்டுக் கொழகொழப்பது சில உறைக்கிருமிகளின் இயல்பு, கெடுதல் இல்லை. நுரையும் மாவு புளித்த வாடையும் ஈஸ்ட் புகுந்ததற்கு அடையாளம், அந்த உறையை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

புரோபயாடிக் தயிரைக் கொஞ்சம் வாங்கி அதையே உறையாக்கினால் அதே பலன் வீட்டிலும் கிடைக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அப்படிக் கிடைக்காது. ஹெல்சின்கி ஆய்வில் இருந்த லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி லாக்டோஸைச் செரிக்கத் தெரியாத பாக்டீரியா, பாலில் தானாகப் பெருகாது. வேகமாக வளரும் தெர்மோஃபிலஸ் இரண்டு மூன்று முறை உறை ஊற்றுவதற்குள் மற்றதைப் பின்னுக்குத் தள்ளிவிடும். வீட்டில் கிடைப்பது நல்ல தயிர், லேபிளில் இருந்த கிருமி அல்ல.

எந்தச் சிக்கலுக்கு எவ்வளவு

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் காரணம் பெரும்பாலும் ஈறு ஓரத்தில் தேங்கிய பிளேக். நாளுக்கு இரண்டு முறை தேய்த்து, பல் இடுக்கையும் சுத்தம் செய்து, தயிரும் சாப்பிட்டு, 2 வாரத்தில் ரத்தம் நிற்கவில்லையென்றால் காரை கட்டியிருக்கலாம், பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாய்ப்புண்ணுக்குத் தயிர் எரிச்சலைத் தணிக்கும். சாதாரண வாய்ப்புண் தொற்றே அல்ல என்பதால் அங்கே 'கிருமியைக் கொல்லும்' பேச்சுக்கே இடமில்லை. 3 வாரம் தாண்டியும் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

வெண்படலமாக வரும் கேண்டிடா தொற்றில் தயிரை மட்டும் நம்புவது பெரிய தவறு. அமிலம் கேண்டிடாவை ஒன்றும் செய்யாது, அது அமிலத்தில் நன்றாகவே வளரும். நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சை மருந்துதான் வேண்டும். பொய்ப்பற்கள் அணிபவர் இரவில் கழற்றி வைத்துத் தேய்த்துக் கழுவாவிட்டால் மருந்தும் நிற்காது, சீஸும் நிற்காது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்புவது எந்தத் தயிரைவிடவும் பலன் தரும்.

பல் பிடுங்கிய முதல் 24 மணி நேரம் தயிரைச் சுழற்றவோ உறிஞ்சவோ கூடாது. குழியில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து கடும் வலி வரும். குளிர்ந்த தயிரைக் கரண்டியால் எடுத்து மெதுவாக விழுங்கலாம், அப்போது அது அருமையான உணவு.

டெட்ராசைக்ளின் வகை மாத்திரை கொடுத்திருந்தால் தயிர், பால், சீஸ் எதுவும் மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம். கால்சியம் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டாக்சிசைக்ளினில் இந்தப் பாதிப்பு குறைவு, ஆனாலும் இடைவெளி விடுவது நல்லது. அமாக்ஸிசிலினுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. புற்றுநோய்க்கு வேதிச் சிகிச்சை எடுத்து வெள்ளணு குறைந்திருப்பவர்கள் உயிருள்ள பாக்டீரியா சேர்த்த எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பல் வேரில் சீழ் கட்டிக் கன்னம் வீங்கியிருந்தால் தயிரைப் பற்றிய பேச்சே வேண்டாம், அன்றைக்கே பல் மருத்துவரிடம் போங்கள். சீழ் வெளியேறாமல் அந்தத் தொற்று தணியாது. வீக்கம் தாடைக்கு அடியிலோ கழுத்துக்கோ இறங்கினால், காய்ச்சலோடு வாயைத் திறக்க முடியாமல் போனால், எச்சிலை விழுங்க முடியாமல் வழிந்தால், நாக்கு மேலே தூக்கினால், மூச்சு விடச் சிரமமாக இருந்தால், பல் மருத்துவமனை திறக்கும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.